நோரீன் பாங்குக்கு அமீனா அனுப்பிய வியாழக்கிழமை

எங்கள் தெருவில் பாங்கோடு ஓட்டப்பந்தயம் ஓடியவள் நோரீன் ஸ்டாதர் ஒருத்திதான். செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும், ராத்திரி உடுப்புக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு கடைத்தெரு மூலைக்கு ஓடுவாள். ஓடுவாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். முதுகு போனவள், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு விரைவாள். மூலையில் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை அன்றைக்குத்தான் அவள் கணக்கில் விழும். விழுந்த மறுநிமிடம் பாங்கு தன் அபராதத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதற்குள் இவள் போய் எடுத்துவிட வேண்டும். பாங்குக்குக் கால் கிடையாது, இவளுக்கு முதுகு கிடையாது. ஆனாலும் பெரும்பாலும் பாங்குதான் ஜெயிக்கும்.

நான் மேவிஸ், பக்கத்து வீடு. என் வீட்டுக்காரர் தன் நுரையீரலை எங்கள் ஊரான ஹல்லின் துறைமுகத்தில் தொலைத்துவிட்டு வந்தவர். எங்களுக்கும் உதவித்தொகைதான், அதே பாங்குதான். அதனால் நான் சொல்வதெல்லாம் எட்ட நின்று வேடிக்கை பார்த்தவள் சொல்வது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நோரீனுக்கு ஆரம்பம் என்னவோ ஆறு பவுண்டுதான். காஸ் கம்பெனிக்கு மாதாமாதம் பாங்கே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும் ஏற்பாடு. அந்த மாதம் கணக்கில் ஆறு இல்லை, ஐந்துதான் இருந்தது. "பணம் இல்லை" என்று பாங்கு காஸ் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியது. அப்படிச் சொன்னதற்குக் கூலியாக நோரீனிடம் முப்பத்தைந்து பவுண்டு எடுத்துக்கொண்டது. ஐந்தே பவுண்டு இருந்த கணக்கில் முப்பத்தைந்தை எடுத்தால் என்னாகும்? கணக்கு பள்ளத்தில் இறங்கியது. "எங்கள் அனுமதி இல்லாமல் ஓவர்டிராஃப்டில் போனாய்" என்று அதற்கு வேறு ஓர் அபராதம். அவளைப் பள்ளத்தில் தள்ளியதும் பாங்கு, விழுந்ததற்குத் தண்டம் போட்டதும் பாங்கு! அடுத்த வாரத்து உதவித்தொகை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து மறைந்தது. வீட்டு வாடகையில் அவள் பங்குக்கு எடுக்கப் பணம் இல்லாமல் அதுவும் திரும்பியது. அதற்கும் ஓர் அபராதம். இப்படியே இரண்டு வருடம்.

ஒரு நாள் பாங்குக்கே போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கணக்குல எப்பவும் கொஞ்சம் பணம் வெச்சிருங்க மேடம். அப்ப கட்டணமே வராது."

"ஏன் கண்ணு," என்றாள் நோரீன், "எங்கிட்ட பணம் இருந்தா நான் எதுக்கு உன் மூஞ்சியைப் பாக்க வரப்போறேன்?"

நோரீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் மீன் தொழிற்சாலை. பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டு, காட் மீனைக் கத்தியால் ஒரே இழுப்பில் முள் வேறு சதை வேறாகப் பிரிப்பாள். இருபது வருடம் குனிந்து நின்றதில் ஒரு நாள் நிமிர முடியாமல் போயிற்று. தொழிற்சாலையில் கைகுலுக்கி ஒரு பெட்டி மீன் கொடுத்து அனுப்பினார்கள். புருஷன் ரான், கடற்கரையில் வண்டிவீடுகள் நிற்கும் விடுமுறை முகாமில் சூதாட்ட மெஷின்களைப் பழுதுபார்க்கப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மகள் ஸ்காட்லாந்தில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு ஃபோன் பண்ணுவாள். இதையெல்லாம் நோரீன் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிக்க மாட்டாள். ஒன்பது பேர் படுத்த அறையிலிருந்து கிளம்பி, அந்த வாடகை அறை இந்த வாடகை அறை என்று அலைந்து, கடைசியில், இல்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு வீடு விடும் வீட்டுச் சங்கம் கொடுத்த வீடு அது. இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். சமையலறைச் சுவரில் மஞ்சள் காகிதம் ஒட்டியது அவள், பின்பக்கம் தக்காளி போட்டது அவள்.

அந்த வீட்டுக்குத்தான் வினை வந்தது. வாடகையில் பெரும்பகுதியை அரசாங்கம் நேராகச் சங்கத்துக்குக் கட்டிவிடும். இவள் பங்கு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் மாதாமாதம் திரும்பித் திரும்பி, பாக்கி தொள்ளாயிரம் பவுண்டைத் தாண்டியது. சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட் அமீனா வந்து நோரீனை வெளியேற்றிப் பூட்டை மாற்றுவார், அதற்கு முன்னால் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் தப்பலாம் என்று உத்தரவு. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன், உண்மையைச் சொன்னால்.

நோரீன் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அந்த வருடம் டிவியைத் திறந்தால் ஒரே பேச்சு, பாங்கு அநியாயமாக எடுத்த கட்டணத்தைக் கோர்ட்டில் கேட்டுத் திரும்ப வாங்கலாம் என்று. முன்னமே, வாடகைத் தகராறு முற்றுவதற்கு முன்பே, நோரீன் லைப்ரரி கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி வழக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்கு நான் தடுத்துப் பார்த்தேன்.

"பாங்கு மேல கேஸா? உன்னைச் சப்பித் துப்பிடுவாங்கடி!"

"சப்பியாச்சு, துப்பியும் ஆச்சு. இன்னும் என்னடி மிச்சம் இருக்கு?"

கோர்ட்டுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அது இலவசம். ஏழையாக இருப்பதில் ஏதாவது ஒன்று மலிவாகக் கிடைத்தது என்றால் அது அந்த ஒன்றுதான். பாங்கோ பதிலே போடவில்லை. ஊரெல்லாம் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் தலைமை ஆபீசில் காகிதம் மலையாகக் குவிந்திருந்ததாம். மற்றவர்களுக்கெல்லாம் கடைசி நேரத்தில் பணத்தைக் கொடுத்து வாயை அடைத்தவர்கள், நோரீனை மறந்தே போனார்கள். கெடு தாண்டியது. ஆயிரத்து நானூறு பவுண்டைக் கொடு என்று அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கும் பாங்கு அசையவில்லை.

வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவு வந்த அன்றே நோரீன் என்னை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். கவுன்ட்டருக்குப் பின்னால் வயதான குமாஸ்தா ஒருவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"தீர்ப்பு வந்தப்புறமும் பணம் குடுக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"அமீனாவை அனுப்புவோம். பொருளை ஜப்தி பண்ணி ஏலம் விடுவாங்க."

"யார் வீட்டுக்கு வேணும்னாலுமா?"

"கடன்காரன் யாரா இருந்தாலும் சரிம்மா."

"பாங்குக்கு?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நோரீன் நீட்டிய தீர்ப்பை வாங்கிப் பார்த்தார். பிறகு, முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு நல்ல நாள் வந்ததே என்பதுபோல முகமெல்லாம் பல்லாகி, "வியாழக்கிழமைக்குப் போட்டுரலாம்" என்றார்.

வியாழக்கிழமை! வெள்ளிக்கு முந்தைய நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா? நோரீனோ வீட்டிலிருந்த சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்தாள். தோற்றுவிட்டால் அந்த நேரத்தில் அவசரப்படக் கூடாது என்றாள். ஒவ்வொரு பெட்டிக்கும் நாடா ஒட்டும்போது பாங்கை ஒரு வசவு வைதாள். நானும் என் பங்குக்கு இரண்டு வைதேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பாங்கு வாசலில் நாங்கள் இருவரும் ஒரே குடையில் நின்றோம். அமீனாவாக வந்தவர் லென் பாட்டரில்! எங்கள் தெருவுக்கு அவரைத் தெரியாதா? ஆள் பீரோ மாதிரி, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அவர் வண்டி தெருமுனையில் திரும்பினாலே டிவிக்கும் வாஷிங்மெஷினுக்கும் தவணை பாக்கி வைத்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். நானே உட்கார்ந்திருக்கிறேன்.

"மிசஸ் ஸ்டாதர்," என்றார் லென், தொப்பியிலிருந்து தண்ணீரை உதறியபடி. "முதல்லயே சொல்லிடுறேன். நாளைக்குப் பத்து மணிக்கு உங்க வீட்டுக்கும் நான்தான் வரணும். ரெண்டு வாரண்டும் இந்தப் பையிலதான் இருக்கு."

"ரெண்டும் ஒரே பையிலயா? உள்ள அடிச்சுக்காதா லென்?"

"அடிச்சுக்கும். எது ஜெயிக்கும்னு எனக்குத் தெரியாது. என் வேலை கதவைத் தட்டுறது மட்டும்தான்."

உள்ளே போனோம். மத்தியான வரிசை நீளமாக நின்றது. மேனேஜர் ஜூலியன் ஆஸ்கில் சின்னப் பையன், கழுத்து டையில் குட்டிக் குட்டி வாத்துப் படம். லென் சொன்னதைக் கேட்டதும் சிரித்தான். யாரோ பிறந்தநாள் விளையாட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டானாம். லென் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அந்த நோட்டு எண்ணுற மெஷின் யாரோடது சார்?"

"பா... பாங்கோடது."

"நோட்டு எண்ணும் மெஷின், ஒண்ணு. கம்ப்யூட்டர், நாலு. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி?"

"அதுவும் பாங்கோடதுதான்."

"கொஞ்சம் எந்திரிங்க, அடியில பாக்கணும்."

மேனேஜர் எழுந்து நின்றான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காது இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீடுகளில் இதே பேனாவால், இதே பூனைக்குட்டிக் குரலில், சோபாவையும் ரேடியோவையும் எழுதிய ஆள்! இன்றைக்குப் பாங்கின் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்! யாரோ ஒருவர் நிலைமையைப் புரிந்துகொண்டு கை தட்டினார். அவ்வளவுதான், வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டது.

"அந்தச் செடியையும் எழுதுப்பா!" என்றார் கடைசியில் நின்ற ஒரு தாத்தா.

"அது பிளாஸ்டிக்குய்யா," என்றாள் நோரீன். "இங்க உசுரோட ஒண்ணும் வளராது."

மேனேஜர் தலைமை ஆபீசுக்கு ஃபோன் போட்டான். கையால் வாயை மூடிக்கொண்டு பேசினான். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. ஃபோனை வைத்துவிட்டு, பெரிய மனது பண்ணுகிறவன்போல நோரீனிடம் வந்தான்.

"பிரச்னை முடிஞ்சுது மேடம். தப்பு எங்க மேலதான். முழுத் தொகையையும் இன்னிக்கே உங்க கணக்குல போட்டுடுறோம்."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நோரீனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம்! என் கணக்குல போடாதே! போட்டே, உன் கையை ஒடிச்சிடுவேன்!"

மேனேஜர் திகைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கணக்கு இன்னும் பள்ளத்தில்தானே கிடக்கிறது! ஆயிரத்து நானூறும் உள்ளே விழும், பாங்கின் கம்ப்யூட்டர் ஓவர்டிராஃப்டுக்கு, அபராதத்துக்கு, அபராதத்தின் வட்டிக்கு என்று எடுத்து ஏப்பம் விடும். வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்கிக்கொள்வார்கள், நாளைக்கு லென் வந்து அவளைத் தெருவில் நிறுத்துவார். வாழ்நாள் முழுவதும் கணக்கில் பணம் நிறைய இருந்தவனுக்கு இது தோன்றவே தோன்றாது. மேனேஜர் வேண்டுமென்றே சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"லென், நீங்களே வாங்கிக் குடுத்துடுங்களேன்," என்றேன் நான்.

"நான் வாங்கினா கோர்ட்டுலதான் கட்டணும். கோர்ட்டுலேர்ந்து அவங்க கைக்கு வர பத்து நாள் ஆயிடும்."

"பத்து நாளா! நாளைக்கே வீடு போயிடுமே!"

"அதனாலதான் சொல்றேன். மிசஸ் ஸ்டாதரே நேரடியா பணத்தை வாங்கிக்கிட்டு, வந்து சேர்ந்ததுன்னு எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, எனக்கு ஆட்சேபணை இல்ல."

"கையில காசா குடு தம்பி," என்றாள் நோரீன் மேனேஜரிடம்.

"அப்படிக் குடுக்க எங்க விதியில இடமில்ல மேடம். கணக்கு வழியாத்தான்..."

நோரீன் அவனோடு மேற்கொண்டு வாதாடவில்லை. மீன் தொழிற்சாலையில் மேஸ்திரியிடம் பேசுவதுபோல, லென் பக்கம் திரும்பி அமைதியாகச் சொன்னாள்: "அப்ப கம்ப்யூட்டரைத் தூக்குங்க லென். மழை பெய்யுது, மேல ஏதாவது போத்தி எடுத்துக்குங்க."

லென் தொப்பியைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு மண்டியிட்டார். மேசைக்கு அடியில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றைப் பிடித்தார். "இதுவா, இல்ல பக்கத்துல இருக்கிற சேப்புக் கம்பியா?"

நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசிய அதே கவுன்ட்டர் பெண் வீறிட்டாள். "ஐயோ சார், அதைப் பிடுங்கினா இன்னிக்கு வரவு செலவு மொத்தமும் நின்னுடும்!"

"பிடுங்கு! பிடுங்கு!" என்று வரிசை கத்தியது. நானும் கத்தினேன். தொண்டை கட்டியது மறுநாள்தான் தெரிந்தது.

"நில்லுங்க!" என்றான் மேனேஜர். டையிலிருந்த வாத்துகள் மேலும் கீழும் மூச்சு வாங்கின. "குடுத்துடுறேன். காசாவே குடுத்துடுறேன். அந்தக் கம்பியை மட்டும் விட்டுடுங்க."

ஜப்தியில் எழுதியிருந்த அந்த மெஷினே நோட்டுகளைப் படபடவென்று எண்ணித் தள்ளியது. நோரீன் அதை நம்பவில்லை, கையாலும் எண்ணினாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எண்ணி முடிந்ததும் கைப்பையில் போட்டு, லென்னுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "தாத்தா, செடியை விட்டுக்குடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுச் சங்கத்தின் பணக் கவுன்ட்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். லென் தன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டே எங்களைப் பார்த்தார்.

"நானும் அந்தப் பக்கம்தான் போறேன். ஆனா நாளைக்குக் காலி பண்ண வேண்டிய ஆளை இன்னிக்கு வண்டியில ஏத்தினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"போங்க லென், எங்களுக்குப் பஸ் இருக்கு," என்றாள் நோரீன்.

பஸ் வந்தது, கிளம்பியது, ஆற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எட்டிப் பார்த்தால், படகு போவதற்காகப் பாலத்தை மேலே தூக்கியிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் வேலைக்கு நேரம் கழித்துப் போகிறவன் சொல்லும் ஒரே சாக்கு, "பாலத்துல மாட்டிக்கிட்டேன்" என்பதுதான். பாதி நாள் அது பொய். அன்றைக்குப் பார்த்து நிஜமாயிற்று. ஜல்லி ஏற்றிய படகு ஒன்று கீழே ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தடுப்புக் கம்பியிடம் போய் நின்றோம்.

"யோவ், படகுக்காரரே!" நோரீன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "என் வீட்டுக்கு வழி விடுய்யா!"

அவன் என்ன புரிந்துகொண்டானோ, கையை ஆட்டிவிட்டுப் போனான். பாலம் சாவகாசமாக இறங்கியது. தடுப்பு முழுவதும் தூக்குவதற்குள் நோரீன் குனிந்து அடியில் புகுந்து ஓட ஆரம்பித்தாள். இந்த முறை நிஜமாகவே ஓடினாள்! என் பயம் வேறு பக்கம் தாவியது.

"மெதுவாடி! முதுகு சரியில்லைன்னு தொகை வாங்குறவ இப்படி ஓடுறதை யாராவது பாத்தா ஆபீசுல போட்டுக் குடுத்துடுவாங்க!"

"நொண்டிக்கிட்டே ஓடுறேன், போதுமா?" என்று கத்திவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கண்ணீர் சிரிப்பினாலா பயத்தினாலா என்று எனக்கே தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர்காரி இரும்புத் தட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். நோரீன் கைப்பையை அதற்கு அடியில் திணித்தாள். தட்டி பையில் இடித்து நின்றது.

"மூடியாச்சுங்க," என்றாள் உள்ளே இருந்தவள்.

"மூடலை கண்ணு. பாதிதான் மூடியிருக்கே. மீதிப் பாதியில எனக்கு வேலை இருக்கு."

அவள் குனிந்து எங்களைப் பார்த்தாள். இரண்டு கிழவிகள், நனைந்த கோழிகள்போல, மூச்சு விட முடியாமல் நிற்கிறோம். என்ன நினைத்தாளோ, தட்டியைத் தூக்கினாள். நோரீன் பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தாள். ரசீது வந்தது. கவுன்ட்டர்காரி அங்கேயே, எங்கள் எதிரிலேயே, கோர்ட்டுக்கு ஃபோன் போட்டு நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொன்னாள்.

நாள் முழுவதும் கத்திய நோரீனுக்கு இப்போது குரல் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளை வெறும் வாயசைப்பால் என்னவோ கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"வீடு இவளோடதுதானேன்னு கேக்குறா," என்றேன்.

"ஆமாங்க, உங்க வீடுதான்," என்றாள் அந்தப் பெண்.

வழியில் ஆளுக்கொரு மசித்துப் பொரித்த உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் வாங்கிக் காகிதத்திலேயே வைத்துத் தின்றோம். மழையில் நின்று, மசாலாத் தூளை அள்ளிப் போட்டுக்கொண்டு. அதைப் போல ருசியான சாப்பாடு எனக்கு வாய்த்ததில்லை.

பாங்கு சும்மா விட்டுவிடவில்லை. அடுத்த வாரம், "உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலான உறவு முறிந்துவிட்டபடியால் உங்கள் கணக்கை மூடுகிறோம்" என்று எழுதினார்கள். நோரீன் அதைச் சலவைக்கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, "ரான் போனப்ப ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வெக்கலை. இவங்க எவ்வளவோ தேவலை" என்றாள். உதவித்தொகையைத் தபாலாபீஸ் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே ஓவர்டிராஃப்டும் கிடையாது, அபராதமும் கிடையாது. செவ்வாய்க்கிழமைகளில் இப்போது எட்டு மணி வரை தூங்குகிறாள். அவளைப் பார்த்து நானும் மாறிக்கொண்டேன். எங்கள் தெருவில் பதினோரு வீடுகள் பாங்கு மேல் வழக்குப் போட்டன. லென் பாட்டரிலின் வண்டி திரும்பினால் சில வீடுகளில் இப்போது ஜன்னலைத் திறந்து வணக்கம் சொல்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை காலையைப் பற்றி. யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், ரசீது அடுப்பு மேடையில் இருந்தது. இருந்தாலும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரைக்கே நோரீன் வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கெட்டிலைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. இருவர் கண்ணும் கடிகாரத்தின் மேலேயே இருந்தன.

பத்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது நோரீன் என் கையைப் பிடித்தாள்.

"மேவிஸ், வெளிய போடி."

"என்னடி சொல்றே? டீ போட்டுட்டிருக்கே!"

"போன்னா போ. போய் நின்னு கதவைத் தட்டு."

அவள் முகத்தைப் பார்த்ததும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. வெளியே போனேன். கதவைச் சாத்தினாள், உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ரேடியோவில் பத்து மணிச் செய்தி ஆரம்பித்தது. நான் லென் தட்டுவதைப் போலவே ஓங்கித் தட்டினேன், மூன்று தட்டு.

"யாரது?" உள்ளேயிருந்து நோரீனின் குரல். பாங்கில் கத்தியபோதுகூட அந்தக் குரலில் இத்தனை கம்பீரம் இல்லை.

"நான்தான்."

"என்ன வேணும்?"

"ஒரு வாய் டீ வேணும்மா," என்றேன்.

தாழ்ப்பாள் உடனே விலகவில்லை. யோசிக்கிறாளாம், பாதகி! திறப்பதா வேண்டாமா என்று. தெருவில் தூறலில் நனைந்தபடி நான் நிற்க, அவள் தன் வீட்டுக்குள் நின்று தன் இஷ்டப்படி நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்து, "சரி, உள்ள வா. காலைத் துடைச்சிக்கிட்டு வா" என்றாள்.